டேப்லெட்டில் சார்ஜ் மெதுவாக ஏறினால்: கடலோர ஊர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, சார்ஜே ஏற மாட்டேங்குது, பேட்டரி போயிருச்சு, மாத்திருங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து வருபவர்கள் டேப்லெட்டைப் பழுதுபார்க்கும் மேசையில் வைக்கிறார்கள். பின்மூடியைத் திறந்து அளந்து பார்த்தால் பல நேரம் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. பழுது அதற்கு வெளியே, கேபிளின் நுனியிலோ, கேபிள் நுழையும் சார்ஜிங் பின்னின் வாயிலோ, கண்ணுக்குத் தெரியாத அளவு படிந்த உப்பாக இருக்கிறது. உள்நாட்டு ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வழிமுறைகள் இந்த உப்பைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால், நம் கரைக்குப் பொருந்தும்படி, நீங்கள் காணும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வகையில் இதை எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் சோதனை வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்: முதலில் சுவரிலுள்ள பிளக், பிறகு அடாப்டர், கேபிள், பின், அமைப்புகள் என்று வந்து, பேட்டரியைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தொடங்கும் முன்: எவ்வளவு மெதுவு என்று அளந்துகொள்ளுங்கள்

கைபேசியோடு ஒப்பிட்டே பலர் டேப்லெட்டை மெதுவானது என்கிறார்கள். 10 அங்குலத் திரையுள்ள டேப்லெட்டில் சுமார் 7000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி இருப்பது வழக்கம். அதன் சராசரி மின்னழுத்தம் 3.8 வோல்ட் அளவில் இருப்பதால், கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய 27 வாட் மணி ஆகிறது. 5000 மில்லி ஆம்பியர் மணி உள்ள கைபேசிக்கு இது 19 வாட் மணிதான். பெரிய பானை நிறைய நேரம் பிடிக்கும் என்பதைத் தவிர இதில் பழுது ஏதும் இல்லை.

சரியான வேகம் எது என்பதை அடாப்டரின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'அவுட்புட்' வரி சொல்லும். எழுத்து தெரியவில்லையென்றால் கைபேசியால் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அதிலுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும்: 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட்; 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட்; 9 வோல்ட், 1.67 ஆம்பியர் என்றால் 15 வாட். வழியில் வெப்பமாகப் போகும் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மேற்சொன்ன அளவுள்ள டேப்லெட்டில் 15 வாட் அடாப்டர் மணிக்கு 45 சதவீதம் அளவிலும், 10 வாட் அடாப்டர் 30 சதவீதம் அளவிலும், 5 வாட் அடாப்டர் 15 சதவீதம் அளவிலும் ஏற்ற வேண்டும். கணினியின் பழைய யூ.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே என்பதால், அதில் செருகினால் மணிக்கு ஏழெட்டு சதவீதத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

டேப்லெட்டில் 20 முதல் 60 சதவீதத்துக்குள் சார்ஜ் இருக்கும்போது திரையை அணைத்து வைத்து, சரியாக அரைமணி நேரம் ஏற்றி, எத்தனை சதவீதம் கூடியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கின்படி வர வேண்டியதில் முக்கால் பங்காவது வந்திருந்தால் பழுதில்லை. பாதிக்கும் கீழே இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். குறித்த எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

வாங்கிய நாளிலிருந்தே மெதுவாகத்தான் ஏறுகிறது

இங்கே பெரும்பாலும் அடாப்டரும் டேப்லெட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இன்றைய அடாப்டர்கள் செருகியவுடனேயே முழு மின்சாரத்தையும் கொட்டிவிடுவதில்லை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று கருவியோடு ஒரு மொழியில் பேசி, ஒப்புக்கொண்ட பிறகே கூட்டித் தருகின்றன. சில நிறுவனங்கள் தங்கள் கைபேசிகளுக்கென்றே தனி மொழி வைத்திருக்கின்றன. அத்தகைய அடாப்டரின் பெட்டியில் 65 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், வேறு நிறுவனத்தின் டேப்லெட்டைச் செருகும்போது பேச்சு ஒத்துவராமல் அடிப்படை 5 வோல்ட்டிலேயே நின்றுவிடக்கூடும். டைப்-சி கருவிகளுக்குப் பொது மொழியாக இருப்பது யூ.எஸ்.பி. பவர் டெலிவரி, அதில் 5, 9, 15, 20 வோல்ட் படிகள் உண்டு. புதிதாக அடாப்டர் வாங்குவதானால், இந்தப் பொது மொழியைப் பேசுகிறதா, உங்கள் டேப்லெட் கேட்கும் வோல்ட் அதன் அவுட்புட் வரியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று துளைகள் உள்ள அடாப்டரில் எல்லாத் துளைகளிலும் கருவி செருகியிருந்தால் வாட் பங்கு பிரிந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் அடிக்கடி குற்றம் சாட்டப்படும் 'லோ வோல்டேஜ்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடாப்டரின் 'இன்புட்' வரியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்குமானால், வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டிலிருந்து 170-க்கு இறங்கி மின்விசிறி சோர்ந்து சுற்றினாலும் சார்ஜ் வேகம் குறைய வேண்டியதில்லை. அதே நேரம் தளர்ந்துபோன பிளக் துளையும், கடற்காற்றில் துருவேறிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும் உண்மையான காரணங்கள். பிளக்கைத் தொட்டால் சூடாக இருக்கிறது, அல்லது 'சர்ர்' என்று பொறி சத்தம் கேட்கிறது என்றால் அந்தத் துளையை உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, மின்பணியாளரைக் கொண்டு மாற்றுங்கள்.

கேபிளை அசைத்தால் ஏறுகிறது, கையை எடுத்தால் நின்றுவிடுகிறது

கடற்கரையில் அதிகம் காணப்படும் அறிகுறி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாடைக்காற்றோ கச்சான் காற்றோ எது வீசினாலும், வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவில் கிடக்கும் நம் நிலத்தின் மேல் உப்புத் துளிகள் மிதந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவை காய்ந்து படிகமாகி, சன்னல் கம்பியில் படிவதைப் போலவே சார்ஜிங் பின்னுக்குள்ளும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். சமையலறை உப்புச் சாடி விடியற்காலையில் நசநசப்பதும் இதனால்தான். பின்னுக்குள் படிந்த உப்பும் அப்படியே நனைகிறது. நனைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துகிறது. அந்த நிலையில் நீங்கள் சார்ஜரைச் செருகினால், மின்னழுத்தம் உள்ள தொடுமுனைகளில் அரிமானம் வேகமாக நடக்கிறது. தொடுமுனைகளின் மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்ததும் உள்ளே இருக்கும் செம்புக் கலவையில் களிம்பு ஏறத் தொடங்குகிறது.

இதன் விளைவு இரண்டு வகையில் வெளிப்படும். மின்சாரம் வரும் முனைகளில் களிம்பு ஏறினால் அந்த இடத்தில் மின்தடை கூடி, கேபிளின் தலை சூடாகி, வேகம் குறையும். வேகத்தைப் பற்றி அடாப்டரோடு பேசும் சிறு முனையில் களிம்பு ஏறினால், மின்சாரம் வரும் வழி சரியாக இருந்தும் பேச்சு நடவாமல் போவதால் டேப்லெட் மிகக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளும்.

டைப்-சி பின் உள்ளவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கேபிளைச் செருகிச் சார்ஜ் வேகத்தைக் கவனியுங்கள். பிறகு டேப்லெட் பக்கத்துத் தலையை மட்டும் கழற்றி, தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். டைப்-சியின் 24 தொடுமுனைகளில் மின்சாரம் வரும் முனைகள் எந்தப் பக்கம் செருகினாலும் ஒன்றேபோல் தொடும். பேசும் முனை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கிறது. எனவே ஒரு பக்கம் செருகினால் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஏறுமானால், பழுது பெரும்பாலும் டேப்லெட்டின் பின்னில்தான். இரண்டு பக்கமும் மெதுவாக இருந்து, வேறு கேபிள் போட்டதும் சரியாகிவிட்டால் பழைய கேபிள்தான் குற்றவாளி.

பின்னைத் துடைக்கும் முறை: டேப்லெட்டை முழுவதுமாக அணைத்து, கேபிளைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் பின்னுக்குள் பாருங்கள். சட்டைப்பை நூல்பிசிறும் மணலும் அடைத்திருந்தால், மரத்தாலான பல்குத்தும் குச்சியின் நுனியைச் சீவி மெல்லியதாக்கி, நடுவிலிருக்கும் நாக்கைத் தொடாமல் ஓரமாக விட்டு வெளியே இழுங்கள். ஊசி, ஊக்கு, தூண்டில் முள் எதுவும் கூடாது. வாயால் ஊதாதீர்கள், மூச்சில் ஈரம் இருக்கிறது. கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதுகுமிழ் போதும். உப்பைக் கரைக்க, மருந்துக்கடையிலோ மின்னணு உதிரிப்பொருள் கடையிலோ கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய தூரிகையை நனைத்து, உதறி, இரண்டு மூன்று முறை தடவி எடுத்து, காற்றாட அரைமணி நேரமாவது வைத்த பிறகே சார்ஜரைச் செருக வேண்டும். படகு இயந்திரத்துக்குப் போடும் மண்ணெண்ணெயையும் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையும் விட்டுக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெயில் மணல் ஒட்டிக்கொண்டு முன்பைவிட மோசமாகிவிடும்.

கேபிளின் தலைக்குள் பச்சையாகக் களிம்போ, ஏதேனும் ஒரு முனையில் கருகிய புள்ளியோ தெரிந்தால், துடைத்துப் பயன்படுத்தப் பார்க்காமல் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். அந்தக் கேபிளை எந்தக் கருவியில் செருகினாலும் அதன் பின்னையும் அது கெடுக்கும்.

கேபிள் சுத்தமாக இருந்தும் மெதுவாக ஏறினால் அதன் நீளத்தையும் கம்பியின் தடிமனையும் பாருங்கள். மலிவான கேபிள்களில் மின்சாரம் வரும் கம்பியும் 28 கேஜ் அளவில் மெல்லியதாக இருக்கும். அதன் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.21 ஓம். 2 மீட்டர் கேபிளில் போகவும் வரவும் 4 மீட்டர் கம்பி என்பதால் மொத்தம் 0.85 ஓம் ஆகிறது. அதில் 1 ஆம்பியர் ஓடினாலே 0.85 வோல்ட் வழியிலேயே தொலைந்து, 5 வோல்ட்டாகப் புறப்பட்டது 4.15 வோல்ட்டாகப் போய்ச் சேரும். மின்னழுத்தம் இப்படிச் சரிவதைக் காணும் டேப்லெட், தான் இழுக்கும் ஆம்பியரைத் தானே குறைத்துக்கொள்ளும். கட்டிலில் படுத்தபடி பார்ப்பதற்காக நீளமான கேபிள் வாங்குபவர்கள், 3 ஆம்பியர் தாங்கும் என்று குறிப்பிட்ட தடித்த கேபிளாக வாங்க வேண்டும்.

தண்ணீரே படவில்லை, ஆனால் ஈரம் இருப்பதாக எச்சரிக்கை வருகிறது

மேலே சொன்ன நனைந்த உப்புதான் இதற்கும் காரணம். தொடுமுனைகளுக்கு இடையே மின்சாரம் கசிவதைக் கருவி உணர்ந்து, தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சார்ஜை நிறுத்திவிடுகிறது. காலையில் வந்த எச்சரிக்கை வெயில் ஏறியதும் தானாக மறைந்தால், அதை வைத்தே உப்பு என்று முடிவு கட்டலாம். மறைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், காய்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே மேற்சொன்ன முறையில் துடைத்துவிடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் உப்பு வெளியேறாது. தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். உண்மையிலேயே கடல்நீரில் விழுந்த டேப்லெட் இந்த வழிமுறைக்குள் வராது. அதை அணைத்து, சார்ஜரைச் செருகாமல், அன்றே திறந்து கழுவத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

பகலில் ஏறவில்லை, இரவில் நன்றாக ஏறுகிறது

லித்தியம் அயனி பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், அந்த அளவை நெருங்கும்போதே டேப்லெட் வேகத்தைக் குறைத்து, தாண்டினால் நிறுத்திவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கொட்டகைக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ கீழே, தடித்த உறைக்குள் இருக்கும் டேப்லெட் சார்ஜ் ஏறும்போது தானும் சூடாகி அந்த அளவைத் தொடுவது எளிது. உறையைக் கழற்றி, மெத்தையிலோ தலையணையிலோ வைக்காமல், நிழலான சிமெண்டுத் தரையிலோ ஓட்டுத் தரையிலோ மல்லாக்க வைத்துச் சோதித்துப் பாருங்கள். வேகம் கூடினால் வேறு பழுதைத் தேட வேண்டாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் குளிரவைப்பவர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சார்ஜில் இருக்கும்போதே சதவீதம் இறங்குகிறது

உள்ளே வருவதைவிடச் செலவு அதிகமாக இருக்கிறது. முழு வெளிச்சத்தில் வைத்த பெரிய திரை, வரைபடம், ஹாட்ஸ்பாட், காணொளி எல்லாம் சேர்ந்தால் 5 வாட் அடாப்டர் தருவதை அப்படியே விழுங்கிவிடும். சிம் அட்டை உள்ள டேப்லெட்டுகளுக்கு நம் பகுதியில் இன்னொரு செலவும் உண்டு: கரையிலிருந்து விலகும்போதும் தனுஷ்கோடி முனையை நோக்கிப் போகும்போதும் சிக்னல் மெலிய, கருவி அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டு அரைமணிச் சோதனையைத் திரும்பச் செய்தால் உண்மை விளங்கிவிடும்.

80 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை

லித்தியம் பேட்டரி தொடக்கத்தில் சீரான ஆம்பியரில் ஏறி, உச்ச மின்னழுத்தத்தைத் தொட்ட பிறகு ஆம்பியரைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே நிறையும் என்பதால், கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவது இயல்பே. சரியாக 80 அல்லது 85-இல் நின்றுவிட்டால், அமைப்புகளில் பேட்டரி பாதுகாப்பு என்ற தேர்வு இயங்குகிறது என்று பொருள். அதே பக்கத்தில் வேகச் சார்ஜ் என்ற தேர்வு அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தடைக்காலம் முடிந்து எடுத்தால் உயிரே இல்லை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகின் பெட்டியிலோ வீட்டு அலமாரியிலோ போட்டுவைத்த டேப்லெட்டை, கடலுக்குப் போகும் முந்தைய நாள் எடுத்துச் செருகினால் திரையில் ஒன்றுமே வராமல் போவது உண்டு. பேட்டரி முழுவதும் வடிந்து சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், நேரடியாக வேகமாக ஏற்றுவது ஆபத்து என்பதால் உள்ளிருக்கும் சுற்று மிகச் சிறிய ஆம்பியரில் சொட்டுச் சொட்டாக ஏற்றித் தேற்றுகிறது. அந்த நேரத்தில் திரையை ஒளிரவைக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்காது. நல்ல அடாப்டரில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் தொடாமல் விடுங்கள். நடுவில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தால், ஏறிய கொஞ்சமும் தொடங்கும் முயற்சியிலேயே தீர்ந்துவிடும். அடுத்த முறை பாதி சார்ஜில் அணைத்து, உறையிலிட்டு, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

படகு பேட்டரியிலும் சூரியத் தகட்டிலும் மெதுவாக ஏறுகிறது

படகில் கார்களுக்கான சிறு சார்ஜரைப் பயன்படுத்துவதானால், அது படகு பேட்டரியின் 12 அல்லது 24 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பார்ப்பதோடு, அதைச் செருகும் குழியைத் துடைத்து வையுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் அந்தக் குழிதான் முதலில் துருவேறும்.

மடக்கு சூரியத் தகட்டை நேராக டேப்லெட்டில் செருகுவதை நான் விரும்புவதில்லை. மேகமோ பாய்மர நிழலோ ஒரு கணம் தகட்டின் ஓரத்தில் விழுந்தாலும் மின்னழுத்தம் சரிந்து, டேப்லெட் தன் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். நிழல் விலகிய பின்னும் பல கருவிகள் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கழற்றி மீண்டும் செருகினால் வேகம் வருகிறதென்றால் காரணம் இதுவே. தகட்டிலிருந்து பவர் பேங்குக்கும், பவர் பேங்கிலிருந்து டேப்லெட்டுக்கும் ஏற்றினால் இந்தத் தொல்லை இல்லை; டேப்லெட்டும் வெயிலில் கிடக்க வேண்டியதில்லை.

சதவீதம் தாவுகிறது, திரை ஓரம் மேலெழும்புகிறது

அடாப்டர், கேபிள், பின், வெப்பம், அமைப்பு அனைத்தையும் சோதித்த பிறகும் எண் மாறவில்லையென்றால்தான் பேட்டரியின் முறை வருகிறது. முதுமையடைந்த பேட்டரிக்கு உள்தடை கூடுவதால், அது உச்ச மின்னழுத்தத்தைச் சீக்கிரமே தொட்டுவிட்டு மீதி நேரமெல்லாம் மெதுவாக ஏறும். 40-இல் இருந்தது சட்டென 12 ஆவதும், 20-இல் அணைந்துபோவதும் அதன் மற்ற அடையாளங்கள்.

திரையின் ஓரம் சட்டகத்திலிருந்து விலகியிருந்தாலோ, மேசையில் வைத்தால் டேப்லெட் ஆடினாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்திப் பார்ப்பதும், ஊசியால் குத்திக் காற்றை விடுவதும் தீயில்தான் முடியும். குழந்தைகள் எட்டாத, எரியும் பொருள் இல்லாத இடத்தில் வைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள்; கழற்றிய பேட்டரியைக் குப்பையிலோ கடலிலோ எறியாமல் அவரிடமே விட்டுவிடுங்கள்.

பழுது பேட்டரியில் இல்லாமல் பின்னில்தான் என்று முடிவானால், உங்கள் டேப்லெட்டில் சார்ஜிங் பின் தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, முதன்மைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்று கேளுங்கள். முதல் வகையில் அந்தச் சிறு போர்டை மட்டும் மாற்றினால் போதும். இரண்டாவதில் பற்றவைப்பில் கைதேர்ந்தவர் வேண்டும். எதை மாற்றினாலும், வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் அடாப்டரையும் கேபிளையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அரைமணி நேரம் ஏற்றிப் பார்த்து, தாளில் குறித்து வைத்திருக்கும் பழைய எண்ணோடு ஒப்பிட்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.